வேலு துலக்கிய தகடு

அன்று அந்த எண் கிடைக்காமல் போயிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஃபோர்க்லிஃப்டில் டீசலோடு சந்தனமும் மணக்கும். வாலாஜாபாத் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை. படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. வண்டி ஓட்டியவர் வேலு, பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் வீட்டுப் பிள்ளை.

ஒரு நாள் லாரியில் நீளமான இயந்திரப் பெட்டி ஒன்று வந்தது. இரண்டு டன். மாடிக்கு ஏற்ற வேண்டும். பாதுகாப்பு என் பொறுப்பு; நான் கையெழுத்துப் போட்டால்தான் தூக்கலாம்.

எந்த உயரத்துக்கு எவ்வளவு எடை தாங்கும் என்ற அட்டவணை வண்டியிலேயே ஒரு தகட்டில் இருக்கும். போய்ப் பார்த்தேன்... கண்ணாடி மாதிரி மின்னியது. ஓர் எழுத்துகூட இல்லை.

"வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் துலக்குறேன் மேடம்," என்றார் வேலு, பெருமையாக. "அப்புறம்தான் சந்தனம், குங்குமம்."

"அதுல இருந்த நம்பரெல்லாம்?"

"நம்பர் இன்னாத்துக்கு? ரெண்டரை டன் வண்டி இது. ஏழு வருஷமா தூக்கிக்கினு இருக்குது. என் வண்டி மேல நம்பிக்கை இல்லியா?"

"சாஞ்சா அதுல உக்காந்திருக்கப் போறது நீங்க, வேலு."

வேலு குனிந்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த வரிசை எண்ணின் மேல் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்தார்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். சென்னை டீலர் ஆபீஸில் ஒருவர் அந்த எண்ணை வைத்துப் பழைய புத்தகங்களில் தேட ஒப்புக்கொண்டார். லாரி காத்திருக்கிறது என்று மேனேஜர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். மூன்றரை மணிக்கு ஃபேக்ஸ் வந்தது. அவ்வளவு நீளப் பெட்டியை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டுமென்றால் ஒன்றரை டன்தான் தாங்கும்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

போன வாரம் சும்மா போனில் அதே மாடலைத் தேடினேன். நொடியில் மூன்று இணையதளங்கள் வந்தன. மூன்றிலும் வேறு வேறு எண்கள். "இருங்கம்மா, இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்று அன்றைய டீலர் ஆபீஸ்காரர் மாதிரி சொல்ல அங்கே யாரும் இல்லை...

பெட்டி வந்ததற்கு மறுநாள் கிரேன் வந்தது. அது கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வேலு ஃபோர்க்லிஃப்டை ஷெட்டுக்கு ஓட்டிப் போய், சுவரைப் பார்க்க நிறுத்தி, தார்ப்பாயால் மூடினார்.

"மழைகூட இல்லையே வேலு?"

"கிரேன் தூக்குறத என் வண்டி பாக்க வேணாம் மேடம்."