பேஸ் பெட்டியும் மாப்பிள்ளையின் இடது காதும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

கச்சிராயபாளையத்தில் நானும் தங்கையின் கணவரும் சேர்ந்து, சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு பேஸ் பெட்டி செய்துகொண்டிருந்தோம். பெட்டிக்குள் இரண்டு அறை, நடுப்பலகையில் ஸ்பீக்கர். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பீக்கரே தெரியாது. முன்னறையில் பொருத்திய பிவிசி பைப்பின் வாய்தான் தெரியும். சத்தமெல்லாம் அது வழியாகத்தான் வரவேண்டும். பைப் நீளமாக இருந்தால் பேஸின் அடி ஆழமாக இறங்கும், குட்டையானால் மேலே ஏறிக் கத்தும். பலகை அறுப்பது என் வேலை. பைப்பை அரை அரை அங்குலமாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பாட்டுப் போட்டுக் கேட்டு, போதும் என்று சொல்வது மாப்பிள்ளை. அவர் காதை நம்பித்தான் எங்கள் பிழைப்பே.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு திருவிழாவுக்காகச் செய்த பெட்டி அது. எடுத்துப்போக வந்தவர் காலையிலேயே ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, "இன்னும் ஆவலையா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை டீ குடிக்கப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பைப்பை உருவி ஒரேயடியாக மூன்று அங்குலம் வெட்டி மாட்டினேன். பாட்டைப் போட்டதும் கூரைத் தகரம் தடதடவென்று ஆடியது. ஜீப்காரர் கைதட்டினார். தகரம் ஆடினால் பேஸ் வந்துவிட்டது என்று நம்புகிற ஆள்தான் நானும்.

மாப்பிள்ளை திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மச்சான், பைப்ப வெட்டிட்டீங்களா? தகரந்தான் கத்துது, அடியே காணோம். உங்களுக்குக் காது கீதா இல்லியா?"

ஜீப்காரர் சிரித்துவிட்டார். கையை விரித்து ஓங்கி அறைந்தேன். இடது காதில் விழுந்தது. அவர் என் சட்டையைப் பிடித்தார். பலகை அடுக்கின் மேல் தள்ளி, அதே காதில் மறுபடியும் அறைந்தேன். ஜீப்காரர் என்னை இடுப்போடு பிடித்து இழுத்த பிறகுதான், காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்காரர் பெட்டி இல்லாமலே மலையேறினார்.

கள்ளக்குறிச்சிக்கு பைக்கில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. காதுச்சவ்வு கிழிந்திருக்கிறது, முழுசாகக் கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று கேட்டார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"பெட்டி சத்தம் சார். பைப் வாயாண்ட தலைய வச்சிகினு இருந்தேன்."

வீட்டிலும் அதையேதான் சொன்னார். மறுநாள் தங்கை கோடரியோடு பட்டறைக்கு வந்தாள். நான் தடுக்கவில்லை. பலகை பிளந்தது, ஸ்பீக்கர் கிழிந்தது, பைப் சில்லுசில்லாகத் தெறித்தது. ஒவ்வொரு வெட்டும் என் மேல் விழவேண்டியது. அதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை ஓய்ந்ததும் கோடரியைப் போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நல்ல வேளண்ணா, நீ கூட இருந்த. நீ இல்லன்னா அவர யாரு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்பாங்க?"