இல்லையா, காணோமா?

என்டர் பொத்தானை அவர் அழுத்துவதில்லை, குத்துகிறார். இந்த வருஷத்தில் இது மூன்றாவது கீபோர்டு. குத்திவிட்டுத் திரையைத் திட்டுவார்: "வா, வந்து தொலை. எத்தனை நேரம் ஒளிஞ்சிருப்ப?" அவர் கூப்பிடுவது ஆளை அல்ல, விபத்தை.

ஆஸ்பத்திரிகளுக்கு நெட்வொர்க் பெட்டி செய்கிற கம்பெனி எங்களுடையது. நோயாளியின் படுக்கையிலிருந்து கிளம்பும் அலாரம், நர்ஸின் திரைக்குப் போகிற வழியில் எங்கள் பெட்டிக்குள் வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பிவிட்டால், அடுத்து வரும் செய்தியைப் பெட்டி கீழே போட்டுவிடும். போட்டதாக யாரிடமும் சொல்லாது. அது எப்போது, எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும் என்று பெட்டி வெளியே போவதற்கு முன்பே கண்டுபிடிப்பது இவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு. ஆபீஸ் வைத்திருக்கும் பெயர் ‘அபசகுனம்’. அவருக்கும் தெரியும். மீட்டிங்கில் நுழையும்போதே, "அபசகுனம் வந்தாச்சு, ஆரம்பிங்க" என்றுதான் நாற்காலியை இழுப்பார். பெயர் வைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். செய்தியைத் தொலைக்கிற பெட்டி சுபசகுனம், தொலைக்கும் என்று சொல்கிறவர் அபசகுனமா?

‘இல்லை’ என்ற சொல் அவருக்கு ஆகாது. கணவர் போன் செய்தால் பக்கத்து மேஜையிலிருக்கும் எனக்கும் கேட்கும்.

"கத்தரிக்கோல் இல்லம்மா."

"இல்லையா, காணோமா?"

"எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணா? எங்க தேடுனீங்க?"

"மேஜை மேல."

"அப்ப மேஜை மேல காணோம்னு சொல்லுங்க. வீட்டுலயே இல்லன்னு கதை விடாதீங்க."

பத்து நிமிஷத்தில் கத்தரிக்கோலின் போட்டோ வரும். பதில் போடமாட்டார்.

பெருவிரலை மையில் உருட்டிய வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எங்கே காகிதத்தைப் பார்த்தாலும் கையெழுத்துப் போடக் கை துறுதுறுக்கும். இவரோ கூரியர்க்காரர் நீட்டும் சீட்டைக்கூட முன்னும் பின்னும் புரட்டிப் படிக்கிறவர். போன வாரம் மேலாளர் நீட்டிய அறிக்கையையும் அப்படித்தான் படித்தார்.

மேலாளரின் ஆட்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் நெட்வொர்க்கை மூன்று நாள் ஓட்டி, இருபது கோடி செய்திகளை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை. ‘இழப்பு இல்லை’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. ‘சரிபார்த்தவர்’ என்ற இடம் இவருக்காகக் காலியாக இருந்தது.

இவர் ஓட்டும் முறை வேறு. வரிசை மூன்றில் ஒரு பங்கு நிரம்புவதே ஆயிரத்தில் ஒரு தடவை. சும்மா ஓட்டுகிறவர்கள் அதை வடிய விட்டுவிடுவார்கள். இவர் அந்த நொடியை அப்படியே நிறுத்தி, அங்கிருந்து ஆயிரம் நகல் ஓட்டுவார். ஆயிரத்தில் ஒன்று மூன்றில் இரண்டு பங்கைத் தொடும். அதையும் பிடித்து நிறுத்தி, இன்னோர் ஆயிரம். அதில் ஒன்று நிரம்பி வழியும். மூன்று ஆயிரங்களைப் பெருக்கினால் நூறு கோடி. சும்மா ஓட்டினால் பதினைந்து நாளைக்கு ஒன்று தொலையும்; நம்பும்படியாக ஒரு நூறைப் பார்க்க நாலு வருஷம் ஆகும். இவருக்கு ஒரு மத்தியானம் போதும். இந்தப் பெட்டியையும் முந்தின நாள் மத்தியானமே அப்படி ஓட்டிப் பார்த்திருந்தார்.

"அக்கா, ஒரு கையெழுத்துதான்" என்றார் மேலாளர்.

"அக்கான்னு கூப்பிட்டுக் கையெழுத்து வாங்காத. நூறு கோடியில ஒண்ணு தொலையுது."

"நீங்களே தள்ளிவிட்டுட்டு, விழுந்துடுச்சுன்னா எப்படி?"

"தள்ளல. எங்க வழுக்குமோ அங்க போய் நின்னு பாத்தேன். எத்தனை நகல் எடுத்தேனோ அத்தனையாலயும் வகுத்தாச்சு."

"நூறு கோடியில ஒண்ணெல்லாம் ஒரு கணக்கா?"

"ஒரு நாளைக்கு எல்லா ஆஸ்பத்திரியும் சேத்து மூணு கோடி செய்தி ஓடும். வகுத்துப் பாரு. மாசத்துக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு மூச்சு நின்னவனோடதா இருந்தா, நீ போய்ச் சொல்றியா அவன் பொண்டாட்டிகிட்ட?"

மேலாளர் காகிதத்தைப் பார்த்தார். "இப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"அலாரத்துக்குத் தனி வரிசை. ரெண்டு வாரம் குடு, போட்டுத் தரேன். முடியாதுன்னா, இல்லன்னு எழுதாத, நூறு கோடியில ஒண்ணுன்னு எழுது. இப்பவே போடறேன் கையெழுத்து."

"அப்படி எழுதினா எவன் வாங்குவான்?"

"தெரியுதுல்ல?"

அறையே சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வேடிக்கை பார்த்தது. மேலாளர் பேனாவை எடுத்து, காலி இடத்தில் தன் கையெழுத்தையே போட்டார். "லாரி கீழ நிக்குது. உங்களுக்காக உலகம் நிக்காதுக்கா."

இவர் கத்துவார் என்று காத்திருந்தோம். அவரோ லாப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே நானும் போனேன்.

பேக்கிங் அறையில் நாற்பது பெட்டிகள் டேப் ஒட்டித் தயாராக இருந்தன. இவர் நேராகப் போய் முன்வரிசையில் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். ஏற்ற வந்தவர் கையைப் பிசைந்தார்.

"அக்கா, அத ஏத்தணும்."

"ஏத்து. என்னையும் சேத்து ஏத்து."

மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "எந்திரிங்க. விளையாடாதீங்க. வேலை போயிடும், சொல்லிட்டேன்."

"போயிடும்னு மொட்டையாச் சொல்லாத. எத்தனையில ஒண்ணுன்னு சொல்லு."

வெளியே லாரிக்காரர் ஹாரனை அடித்தார், விடாமல் அடித்தார். அபசகுனம் லாப்டாப்பை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, பக்கத்துப் பெட்டியின் மேல் காலையும் தூக்கி நீட்டிக்கொண்டார்.