சுடர்விழி பார்த்த நல்ல நேரம்

கீரைக்கட்டைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவாள் திருவாரூர் சுடர்விழி. அப்படியொரு சந்தேகப் பிறவி! தஞ்சாவூரில், அரிசி மில்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அரிசிக்குள் கிடக்கும் கருப்பரிசியைக் கேமரா வழியாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அது. உடன் வேலை பார்க்கும் கிளாட்சன் எழுதியதை, இன்னும் வேகமாக ஓடும்படி இவள் திருத்தி எழுதினாள். சோதித்தால், கால்வாசி நேரம் மிச்சம். கால் தரையில் பாவவில்லை அவளுக்கு.

கிளாட்சன் மத்தியானம் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வித்தியாசமும் இல்லையேங்க" என்றான்.

வந்ததே கோபம்! 'வயித்தெரிச்சல். என் ஃபைல்ல கை வச்சிட்டான்' என்று முடிவுகட்டி, நேராக மேலாளர் விஜயலட்சுமியிடம் போய்ப் பற்ற வைத்தாள்.

"ஆதாரம் கொண்டாங்க. நிஜம்னா சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிடறேன்" என்றார் அவர்.

தேடினாள். ஃபைலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அதே மென்பொருள், நாலு முறை ஓட்டினால் நாலு விதமான நேரம் காட்டியது. அப்புறம்தான் பொறி தட்டியது. ப்ராசஸர் குளிர்ந்திருந்தால் டர்போ என்கிற கூடுதல் வேகத்தில் எகிறி ஓடும், சூடேறினால் வேகம் இறங்கிவிடும். சோதனை மெஷினை அணைத்து, மறுபடி ஆன் ஆகும்போதே செட்டிங்கில் புகுந்து டர்போவை நிறுத்தினாள். இனி எப்போது ஓட்டினாலும் ஒரே வேகம். தன்னுடையது முந்தினால், வித்தியாசமில்லை என்று புளுகிய திருடன் கையும் களவுமாக மாட்டுவான்.

கிளாட்சனுடையது பத்து முறையும் நாற்பத்தொரு நொடி. அவளுடையதும் பத்து முறையும் நாற்பத்தொரு நொடி.

அடக் கடவுளே! தன்னுடையதை அவள் தினமும் காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, காலையில் குளிர்ந்த மெஷினில் ஓட்டியிருந்தாள். கிளாட்சனின் பழசுக்கு எதற்கு நல்ல நேரம் என்று, அதை மத்தியானம் மெஷின் கொதிக்கும்போது ஓட்டியிருந்தாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

சாயங்காலம் விஜயலட்சுமி வந்து, கிளாட்சன் எதிரிலேயே கேட்டார்: "ஆதாரம் கிடைச்சுதா?"

"எதுக்குங்க ஆதாரம்?" என்றான் ஒன்றும் அறியாத கிளாட்சன்.

சுடர்விழி வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "என் ஃபைல்ல நீங்க கை வச்சீங்கன்னு புகார் சொன்னேன். நீங்க வைக்கல. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றாள்.

"பரவாயில்லைங்க" என்றான் அவன்.

ஆனால் மறுநாளிலிருந்து டீ குடிக்கப் போகும்போதுகூட, அவளைப் பார்த்துக்கொண்டே தன் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் போகிறான்.