கூலாய் நிலையத்தில் ஓர் அமெரிக்க வக்கீல்

மலாயாவின் கூலாய் ரயில் நிலையத்தில் இருப்பது ஒரே பெஞ்சு. அதில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் காலை நீட்டிப் புத்தகம் படிக்கிறார். கிராணி இருக்கும் பெஞ்சில் தோட்டக் கூலிகளான நாங்கள் உட்காருவதில்லை. காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலை எதிர்பார்த்து நிற்கிறேன். இடம் கேட்கலாமா, வேண்டாமா?

"போன நூற்றாண்டு அமெரிக்க வக்கீலும்மா. சட்டசபையில ஏழைங்களுக்காகவே பேசினாராம். பையன இப்படி வளருங்க," என்கிறார், புத்தகத்தைக் காட்டி. கால்கள் மட்டும் இறங்கவில்லை.

"அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு தூக்கிட்டு நின்னாங்களாம்?"

"ஒன்பது பிள்ளைங்கன்னு போட்டிருக்கு. சம்சாரம் பேரு எங்கேயோ..."

வேகமாகப் புரட்டியதில் கை பட்டு மூக்குக்கண்ணாடி தெறித்து விழுகிறது. எடுக்க எழுகிறார். நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்நியப் பெண்ணருகே உட்காரக் கூச்சப்பட்டு, அந்தப் பெயரை நின்றுகொண்டே தேடுகிறார்.