மின்னியைச் சாகவிடாத ஜூலியன் சேர்

ஜூலியன் சேரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நான் சொல்லலாம், அது வேறு. வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஹட்டனில் இருக்கிற என் போட்டோகொப்பிக் கடைக்கு வந்துவிடுவார். மேல்மாடியில், பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே, அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாடகை கேட்டதில்லை. பிளேன்டித் தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் வேடிக்கை பார்க்கலாமே, அது போதும்.

முதலில் பார்த்தபோது, வளர்ந்த கழுதைகளுக்கு இந்த விளையாட்டு தேவையா என்றுதான் நினைத்தேன். சேர் கதை சொல்வார். "காட்டுக்குள்ள ஒரு கோட்டை. கதவு பூட்டியிருக்கு. என்னா செய்றீங்க?" என்பார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொருவராக இருந்துகொண்டு பதில் சொல்வார்கள். கதவு திறக்குமா, கை முறியுமா என்பதைப் பகடை தீர்க்கும். எந்த ஆளால் என்ன முடியும் என்பதற்கெல்லாம் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் உண்டு. போன் திருத்துகிற மதுரன் அதில் வாள்வீரன். ஆஸ்பத்திரித் தாதி ஷிராணி அங்கேயும் வைத்தியம்தான் பார்த்தாள். பக்கத்துத் துணிக்கடையில் வேலைக்கு நின்ற தர்ஷிகா, மின்னி என்கிற வழிகாட்டி. எல்லாருக்கும் முன்னால் நடந்து பாதை பார்ப்பது மின்னியின் வேலை. கடையில் வாயே திறக்காத பிள்ளை, மேல்மாடி ஏறியதும் "எல்லாரும் எம் பின்னால வாங்க!" என்று சத்தம் போடும்.

அந்தப் பிள்ளை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது. போவதற்கு முன் வந்து, "சேர், மின்னிய சாக விட்டுறாதீங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றது. "நீ வர்ற வரைக்கும் அவ எங்களோட நடப்பாம்மா" என்று சேர் வாக்குக் கொடுத்தார். கொஞ்ச காலம் அப்படித்தான் நடந்தது. மின்னிக்கும் சேர்த்து அவரே பகடை உருட்டுவார். மாலையில், அன்று கதையில் நடந்ததையெல்லாம் போனில் பேசிப் பதிவு செய்து தர்ஷிகாவுக்கு அனுப்புவார்.

பிறகு வந்தது புது எடிஷன். அதே விளையாட்டுதான், சட்டங்களை மாற்றிப் புதிய புத்தகம் போட்டுவிட்டார்கள். மதுரன் கொழும்பிலிருந்து வரவழைத்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தான். ஷிராணி நாலு பக்கம் புரட்டியதும் கொதித்தாள். "நான் மனப்பாடம் பண்ணினதெல்லாம் குப்பையா? மாத்தச் சொல்லி இவனுங்கள யாரு கேட்டா?"

"ஒலகம் பூரா இதே சண்டதான்க்கா" என்று மதுரன் வெள்ளைக்காரர்கள் எழுதியிருந்த வசவுகளைப் போனில் வாசித்துக் காட்டினான். ஒருத்தன் தான் செத்தால் பழைய புத்தகத்தையும் சவப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருந்தானாம். ஷிராணி கோபித்துக்கொண்டு வராமலே இருந்தாள். புதியதில் வைத்தியக்காரிக்குச் சக்தி கூடியிருக்கிறது என்று காதில் விழுந்ததும் ஓடி வந்தாள். அடியாத்தி, என்ன கொள்கை!

ஆனால் புதுப் புத்தகத்தில் வழிகாட்டி என்கிற வகையே இல்லை. சேர் மனசு வைத்திருந்தால் மின்னியை வேறு வகையில் சேர்த்திருக்கலாம். பழைய ஆட்களை ஒவ்வொருவராக மாற்றுவது பெரிய தலையிடி என்று, கதையில் ஒரு மண்சரிவை வரவைத்து எல்லாரையும் மூடிவிட்டார். நம் ஊருக்குத் தெரிந்த சாவு அது. மற்ற இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே புது ஆட்களைச் செய்ய உட்கார்ந்தார்கள்.

அன்று மாலை சேரின் போனுக்குத் தர்ஷிகாவின் குரல் பதிவு வந்தது. "சேர், மின்னி என்னா பண்றா?"

கீழே நான் மெஷினுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். சேர் போனை வாய்க்கிட்டே வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், "மல சரிஞ்சிருச்சும்மா. மின்னி தப்பிச்சு, மத்த எல்லாரையும் கையால தோண்டி எடுத்துட்டா" என்றார்.

"அட பாவி மனுஷா!" என்றேன்.

"அந்தப் பிள்ள அழுதிரும்க்கா."

அதற்குப் பிறகு வாராவாரம் பொய். மேலே புது விளையாட்டு, கீழே தர்ஷிகாவுக்கு மட்டும் பழையது. மின்னி ஆற்றைக் கடந்தாள், மின்னி சிறுத்தையோடு பேசினாள், மதுரன் அவளுக்குக் கும்பிடு போட்டான். கதை அருமையாகத்தான் இருக்கும். அனுப்பிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவார். பிளேன்டி ஆறிப்போகும். "சொல்லித் தொலைங்களேன்" என்பேன். "இந்த வாரம் அந்த வீட்டு மேடம் அவள ஏசினாங்களாம். அடுத்த வாரம் சொல்லிர்றேன்க்கா" என்பார்.

ஒரு நாள் ஷிராணி என் காதைக் கடித்தாள். "சேருக்கு என்னாச்சுக்கா? கோயில்ல மாசக்கணக்கா நற்கருணை வாங்க எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு."

பெரிய பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். நேரே போய், "ஒரு வெளையாட்டு ஆளுக்காகவா இப்படி?" என்று கேட்டேன்.

"ஆளுக்காக இல்லக்கா. அந்தப் பிள்ள என்னைய நம்புது. பாவசங்கீர்த்தனத்துல சொன்னா, போய் அவகிட்ட சொல்லுன்னுதான் ஃபாதர் சொல்லுவாரு. அதான் போகல்ல."

ஒப்பந்தம் முடிந்து தர்ஷிகா வந்தாள். மேல்மாடிக்கு ஏறி, சொக்லட் பெட்டியை மேசையில் வைத்தவள் உட்காரக்கூட இல்லை, மதுரனைச் சீண்டத் தொடங்கினாள். "என்னா வீரரே, நான் மட்டும் தோண்டி எடுக்கலன்னா மண்ணுக்குள்ளேயே கெடந்திருப்பீங்க!"

மதுரன் முழித்தான். "எந்த மண்ணு? மின்னி அந்த மண்சரிவுலயே போயிட்டாளே. நாங்க எல்லாருமே போயிட்டோம். சேர் சொல்லலியா?"

நான் பிளேன்டித் தட்டை மேசையில் வைத்தேன். சேர் எழுந்து நின்றார். "மிச்சமெல்லாம் நானா கட்டினதும்மா. சொல்றதுக்குத் தைரியம் வரல்ல. என்னைய மன்னிச்சிரு."

தர்ஷிகா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டுட்டுத்தான் ஒங்க குரலக் கேப்பேன் சேர், மேடத்துக்குக் கேக்கக் கூடாதுன்னு. இங்க எல்லாரும் என்னையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டே தூங்குவேன்" என்றாள்.

ஷிராணி முகத்தை மூடிக்கொண்டாள். மதுரன் புதுப் புத்தகத்தை மெல்ல மடியில் இறக்கி வைத்தான்.

"சரி, போகட்டும்" என்றாள் தர்ஷிகா. "நெசமா அவ எப்படிச் செத்தா? அதையாவது சொல்லுங்க சேர்."

சொல்லுமையா என்று மனசுக்குள் கத்தினேன். மற்றவர்களைத் தள்ளிவிட்டுக் கடைசியாகச் செத்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையின் மனசு ஆறுமே. வாராவாரம் அத்தனை பொய் வந்த வாய்தானே! அன்றைக்குப் பார்த்து அந்த மனுஷனுக்கு வரவில்லை.

"'மல சரிஞ்சிச்சு, எல்லாரும் செத்துட்டாங்க, புதுசா தொடங்குவோம்'னு சொன்னேன்" என்றார் சேர். "அவ்வளவுதாம்மா. மின்னி பேரக்கூட யாரும் எடுக்கல்ல."



"ஒரே வரியிலயா சேர்?" என்றாள் தர்ஷிகா.