தம்பியைப் பற்றிக் கேட்ட இருவர்

அந்த வருடங்களில் நோர்வேயில், புருசெத் என்ற இடத்துக் கடைத்தொகுதியில், உடுப்புத் திருத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் வேலை செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்துக்குச் சற்று முன் அறுபது வயது மதிக்கத்தக்க நோர்வேஜியர் ஒருவர் கறுப்புக் கோட்டும் காற்சட்டையும் கொண்டுவந்தார். இடுப்பைப் பிடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன் வேண்டும் என்றார். மே மாதத்தில் அப்படி அவசரமாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது கொண்டாட்டம் இருக்கும்.

"கல்யாணமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"மகனின் இறுதிச்சடங்கு."

நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்த வாரம் பத்திரிகையில் வந்த படம் நினைவுக்கு வந்தது. ஆப்கானிஸ்தானில் வீதியோரக் குண்டில் கொல்லப்பட்ட இளம் படைவீரன். மூக்கும் நாடியும் இவருடையவையேதான். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி முழுவதும் அந்த நிமிடத்தில் மறந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குண்டூசிப் பெட்டியை எடுத்தேன்.

அவர் உடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். காற்சட்டை இடுப்பில் நிற்கவேயில்லை. நான் முழந்தாளிட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது வானொலியில் பன்னிரண்டு மணிச் செய்தி தொடங்கியது. அதே மாகாணத்தில் குண்டுத் தாக்குதல்களை நடத்திவந்த பயங்கரவாதத் தலைவன் ஒருவன் ஒரு வீட்டின்மீது நடந்த விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டான் என்றார்கள். நிறுத்துவதற்காக எழுந்தேன்.

"இருக்கட்டும்," என்றார். "காலையிலேயே ஒரு படை அதிகாரி தொலைபேசியில் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். கேட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அந்த வீட்டில் வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டேன். அதுபற்றித் தகவல் இல்லையாம்."

மறுபடி முழந்தாளிட்டு ஊசியை எடுத்தேன். நான் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கேயும் போர்தானே. உங்கள் வீட்டில் யாராவது?"

"தம்பி. பத்தொன்பது வயது."

"சோல்டாட்?"

படைவீரனா என்கிறார். எங்கள் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உண்டு. அவன் இயக்கத்தில் இருந்தான். அவன் இறந்த நாள் அரசாங்கச் செய்தியில் 'பயங்கரவாதிகள் பலர் பலி' என்றார்கள். அந்தப் பலரில் அவனும் ஒருவன். இங்கே ஒவ்வொரு நவம்பரிலும் மண்டபத்தில் அவன் படத்துக்கு விளக்கேற்றி மாவீரன் என்கிறோம். இவருக்கு எதைச் சொல்வது? மகனைக் குண்டில் இழந்தவரின் காலடியில் இருந்துகொண்டு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சிலர் படைவீரன் என்பார்கள். சிலர் பயங்கரவாதி என்பார்கள். எனக்குத் தம்பி," என்றேன்.

கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். அவரோ, "உடல் கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை."

தலையை மெல்ல அசைத்தார். பிறகு, மற்றக் காலுக்கு ஊசி குத்த வசதியாகத் திரும்பி நின்றார்.

வியாழக்கிழமை உடுப்பை எடுக்க அவர் வரவில்லை, மனைவி வந்தார். பையை வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"உங்கள் தம்பியைப் பற்றி அவர் சொன்னார்," என்றார். குரலில் கோபம் இல்லை. "அவன் குண்டு வைத்தானா?"

"எனக்குத் தெரியாது."

அது உண்மை. அவனிடமிருந்து வந்தவை மூன்று கடிதங்கள். மூன்றிலும் சாப்பாடு, மழை, அம்மாவின் இருமல். அந்தப் பெண் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? அந்தச் சனத்திட்டை ஏன் உதெல்லாம் கதைச்சனீ?"

"கேட்டவர், சொன்னனான்."

"செத்த வீட்டுக்காரரப்பா. தம்பி சுகமில்லாமல் செத்தவன் எண்டு சொல்லியிருக்கலாம்."

"ஓம், சொல்லியிருக்கலாம்." பிறகு கேட்டேன்: "அவன் அங்கை என்ன செய்தவன் எண்டு நாங்கள் ஆரையாவது எப்பவாவது கேட்டனாங்களே?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உதெல்லாம் ஆரும் கேக்கிறேல்லை," என்றார்.

அந்தக் கேள்வியை எனக்குள்கூட நான் கேட்டதில்லை என்பது அன்றுதான் புரிந்தது. எத்தனையோ நவம்பர்கள் அழுதிருக்கிறேன். அவனுடைய கையால் எங்காவது ஒரு தாய் அழுதிருப்பாளா என்று ஒருதடவையும் யோசித்ததில்லை. தெரிந்திருந்தால் அழுகை குறைந்திருக்குமா? குறைந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

கோடை முடிகிற சமயத்தில் அந்த நோர்வேஜியர் ஒரு திரைச்சீலையைக் குட்டையாக்கக் கொண்டுவந்தார். மனைவி உள்ளே வரவில்லை. வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது இடைவேளை; கூட வேலை செய்பவள் திரைச்சீலையின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தாள். வெளியே போய்த் தயங்கி நின்றேன். அவர் பக்கத்தில் கிடந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவருடைய கணவர் வெளியே வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.