பென்சிலைப் பார்த்துப் பயந்த வயல்காரி

ஒன்றரை வருடமாக நான் வரைந்த எந்த நிலக்காட்சியிலும் உயிரில்லை. படம் சரியாகவே இருக்கும். இரண்டாம் முறை பார்க்கத்தான் எனக்கே மனம் வராது. போன ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குக் கிளம்பும்போது அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன்: "இந்தத் தடவையும் ஒண்ணும் வரலன்னா என் வண்ணப் பெட்டி உனக்குத்தான்." அவள் ரொம்ப சந்தோஷமாக டாட்டா காட்டினாள்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். மலைமேல் தரிசனம் முடித்து, மதில் ஓரம் நின்று ஊரை வரைந்தேன். கூரை, பாறை, ஏரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மனசுக்குத்தான் பிடிக்கவில்லை. கிழித்துப் பைக்குள் போட்டேன்.

கீழே இறங்கி ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறினேன். அரை மணி நேரம் போயிருக்கும், ஒரு வளைவில் பாறைக்குன்று ஒன்று எட்டிப்பார்த்தது. ஏனோ அங்கே இறங்கத் தோன்றியது. "இங்க ஸ்டாப்பே கெடையாதுங்க" என்று அலுத்துக்கொண்டேதான் கண்டக்டர் விசில் கொடுத்தார்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பென்சிலால் குன்றின் உயரத்தைக் குறிபார்த்து வரைய ஆரம்பித்தேன். எதிரே வேர்க்கடலை வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெண் மண்வெட்டியோடு விறுவிறுவென்று வந்தார்.

"என்னாங்க சார், அளந்துகினு இருக்கீங்க? ரோடு எங்க நெலத்துலயா வருது?"

முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. "நான் படம் வரையறவன்மா. அந்த மலையைத்தான் வரையறேன்" என்று தாளைக் காட்டினேன்.

உற்றுப் பார்த்தார். தாளில் குன்று மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"ஆங், மலதானே? தாராளமா எடுத்துகினு போங்க. நெலத்த வுட்டுடுங்க, அது போதும்."

சிரித்தபடி மடை மாற்றப் போய்விட்டார். எனக்கோ அதற்குமேல் பென்சில் ஓடவில்லை. அவர் அப்படிப் பயந்த நிலத்தை அப்போதுதான் பார்த்தேன். நனைந்த பாத்தி கறுத்து, நனையாதது சிவந்து, நடுவில் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருந்தது. அது அடுத்த பாத்திக்குப் போவதற்குள் பிடித்தாக வேண்டும். பென்சிலைப் போட்டுவிட்டு நேரே தூரிகையை எடுத்தேன். யோசிக்க நேரமே இல்லை, கை தானாகப் போனது. குன்று மேல் மூலையில் சின்னதாக ஒதுங்கிக்கொண்டது.

வேலை முடித்து வந்தவர் எட்டிப்பார்த்தார். "அய்யே, எங்க நெலத்தையும் எடுத்துட்டீங்களே!" என்றார். குரலில் கோபமில்லை, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை கிடையாது. திரும்பும் பஸ் கைகாட்டினால் நிற்கும். பென்சிலை நீட்டுவதற்கு முன்னால் வயல்காரர்களிடம் நீங்கள் யாரென்று சொல்லிவிடுங்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிச்சமிருக்கும் செலவு ஒன்றுதான்: அக்கா மகளுக்குப் புதிதாக ஒரு வண்ணப் பெட்டி வாங்கித் தரவேண்டும்.